எங்கள் ஆய்வகத்தில் ஒரு சேவையகம்

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பி.எச்.பி. வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அதை நான் கரும்பலகையில்தான் நடத்தினேன். மாணவர்கள் நிரலைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். வெளியீட்டையும் அதன் கீழேயே எழுதினார்கள். அந்த வெளியீடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. புத்தகத்தில் இருந்தது, எழுதினோம். தேர்வில் மதிப்பெண்ணும் வந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

மூன்றாம் ஆண்டு ஒரு மாணவன் அந்த நிம்மதியைக் கெடுத்தான். செய்முறை வகுப்பில் புத்தகத்தில் இருந்த ஐந்து வரி நிரலை நோட்பேடில் தட்டச்சு செய்து, சேமித்து, கோப்பை இழுத்து உலாவியின் மேல் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மிஸ், விடை வரல. நான் அடிச்சதே திரும்ப வருது."

உண்மைதான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகை வரவேண்டிய இடத்தில், அவன் எழுதிய ஐந்து வரிகளே திரையில் நின்றன. பக்கத்துக் கணினியில் வேறு உலாவி. அதில் அதே கோப்பைத் திறந்தால் கோப்பைப் பதிவிறக்கட்டுமா என்று கேட்டது. "இதுக்கு சர்வர் வேணும்பா" என்றேன். "சர்வர் எங்க மிஸ் இருக்கும்?" என்றான். சென்னையிலோ அமெரிக்காவிலோ ஏதோ குளிரூட்டப்பட்ட கட்டடத்தில் இருக்கும் என்பதுபோல் ஒரு பதில் சொன்னேன். சொல்லும்போதே அது சரியான பதில் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சேவையகம் என்பது ஒரு கட்டடம் அல்ல. எங்கள் ஆய்வகத்தில் இருந்த பத்துக் கணினிகளில் எதை வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் சேவையகமாக்கியிருக்கலாம். நான் செய்யவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் எனக்குச் செய்யத் தெரியாது.

அடுத்த சில வாரங்களில் அதைக் கற்றுக்கொண்டதையும், கற்றுக்கொண்ட பிறகு நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் இங்கே எழுதுகிறேன். கணினிப் பாடம் நடத்தாத ஆசிரியர்களும் படிக்கும் வகையில் எழுத முயல்கிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன், கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யவேண்டும்.

முதலில் அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கம் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலம் போன்றது. உலாவியே பிரித்துப் பார்த்துக்கொள்ளும். பி.எச்.பி. கோப்பு அப்படியல்ல, அது சமையல் குறிப்பு. யாராவது சமைத்துத் தரவேண்டும். நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தட்டை நீட்டுகிறது, சாம்பார் சாதம் தட்டில் விழுகிறது. எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு பருப்பு என்ற கணக்கு தட்டுக்கு வருவதில்லை. அது கூடத்திலேயே இருக்கிறது. தட்டை நீட்டுவது உலாவி. வாங்கிக் கொடுப்பது அப்பாச்சி போன்ற வலைச் சேவையகம். உள்ளே சமைப்பது பி.எச்.பி. என்னும் மொழிபெயர்ப்பி. என் மாணவன் சமையல் குறிப்பு எழுதிய தாளையே தட்டில் வைத்துவிட்டுச் சோறு எங்கே என்று கேட்டிருக்கிறான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகமில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு மையத்தில் வலை என்ற யோசனையை எழுதிக் கொடுத்தார். முதல் வலைச் சேவையகம் அவர் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினிதான். அதன் மேல் ஒரு தாளை ஒட்டி, இது சேவையகம், அணைக்காதீர்கள் என்று கையால் எழுதி வைத்திருந்தார். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் தன்விவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய எழுதிக்கொண்ட சிறு நிரல்களிலிருந்து வளர்ந்ததுதான் பி.எச்.பி. அடுத்த ஆண்டு அதை எல்லோருக்கும் பொதுவில் கொடுத்தார். அப்பாச்சியும் அதே 1995-இல் வந்தது. இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த ஒட்டிய தாள்தான். நாங்களும் ஒன்று ஒட்டினோம். சும்மா அலங்காரத்துக்கு அல்ல. கடைசி மணி அடித்ததும் ஆய்வகத்தில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் எங்கள் பள்ளியில் உண்டு.

நிறுவுவதற்கு நான் எடுத்துக்கொண்டது எக்ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பு. அப்பாச்சி, மரியாடிபி தரவுத்தளம், பி.எச்.பி., பெர்ல் ஆகிய நான்கும் அதில் ஒன்றாக வருகின்றன. வீட்டில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்தேன். நிறுவியபின் இணையமே தேவையில்லை. இது நம்மைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய விஷயம். விண்டோஸில் நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் வைக்காமல், சி டிரைவில் நேரடியாக எக்ஸாம்ப் என்ற கோப்புறையிலேயே வையுங்கள். எழுதும் அனுமதி குறித்த தொல்லை வராது. முடிந்ததும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை திறக்கும். அதில் அப்பாச்சிக்கு எதிரே உள்ள ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவேண்டும். பச்சை நிறம் வந்தால் சேவையகம் ஓடுகிறது.

எனக்குப் பச்சை வரவில்லை, சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. பயந்துபோய் நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். மறுபடியும் அதுவே. அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்திருந்தால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும். வாயில் எண் 80-ஐ வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. கணினிக்கு வரும் செய்திகள் எண்ணிட்ட வாயில்கள் வழியாக வருகின்றன. வலைப்பக்கத்துக்கு வழக்கமான வாயில் 80. ஒரு வாயிலில் ஒருவர்தான் நிற்கமுடியும். எங்கள் கணினியில் விண்டோஸின் சொந்த வலைச் சேவை அங்கே நின்றுகொண்டிருந்தது. பலகையில் உள்ள கான்ஃபிக் பொத்தானை அழுத்தி, எச்.டி.டி.பி.டி. கான்ஃப் என்ற அமைவுக் கோப்பைத் திறந்து, லிசன் 80 என்றிருந்த வரியை லிசன் 8080 என்று மாற்றினேன். சர்வர்நேம் என்று தொடங்கும் வரியிலும் அதே மாற்றம். பச்சை வந்தது. அதன்பின் உலாவியில் முகவரி எழுதும்போது லோக்கல்ஹோஸ்ட் என்பதோடு முக்காற்புள்ளி வைத்து 8080 என்று சேர்க்கவேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட் என்றால் "இதே கணினி" என்று பொருள். அதன் எண் முகவரி 127.0.0.1. எந்தக் கணினியில் தட்டச்சு செய்தாலும் அது தன்னையே குறிக்கும், "நான்" என்ற சொல்லைப் போல. யார் சொன்னாலும் சொல்பவரைத்தானே குறிக்கிறது! இதைச் சொல்லித் தராததால், சேவையகத்தில் நன்றாக ஓடிய பக்கத்தைத் தன் கணினியிலும் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்துத் தேடிய மாணவி ஒருத்தி பத்து நிமிடம் திண்டாடினாள்.

கோப்புகளை வைக்கவேண்டிய இடம் எக்ஸாம்ப்புக்குள் இருக்கும் எச்.டி.டாக்ஸ் கோப்புறை. லினக்ஸ் கணினியில் அப்பாச்சியைத் தனியாக நிறுவினால் வார், டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ., எச்.டி.எம்.எல். என்று ஒன்றுக்குள் ஒன்றாக வரும் கோப்புறை. சேவையகம் இந்தக் கோப்புறைக்குள் மட்டும்தான் பார்க்கும். டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பு அதற்குத் தெரியாது. இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் அதுவாகவே டி.எக்ஸ்.டி. என்ற பின்னொட்டைச் சேர்த்துவிடும். விண்டோஸ் அந்தப் பின்னொட்டைக் கண்ணுக்குக் காட்டாது. பார்ப்பதற்கு பி.எச்.பி. கோப்பு, உள்ளபடி உரைக் கோப்பு. கோப்புறையின் வியூ பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டும்படி முதல் நாளே மாற்றிவிடுங்கள். என் வகுப்பில் "ஓடவில்லை" என்று வந்த புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

சேவையகம் ஓடத் தொடங்கியதும் நான் எழுதிய முதல் நிரல் நேரத்தைக் காட்டும் ஒற்றை வரி. ஜூன் மாதம், காலை 11 மணி 10 நிமிடம். திரையில் 7 மணி 40 நிமிடம் என்று வந்தது. "மிஸ், கடிகாரம் நின்னுபோச்சு" என்றார்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் நிமிடம் நகர்ந்தது. நிற்கவில்லை, பின்தங்கி ஓடியது. கணினியின் வலது மூலையில் இருந்த கடிகாரமோ சரியாக இருந்தது. தேடிப் பார்த்தபோது, பி.எச்.பி. ஐ.என்.ஐ. என்ற அமைவுக் கோப்பில் நேர மண்டலம் ஐரோப்பாவின் பெர்லின் என்று இருந்தது. நான் நிறுவிய தொகுப்பு அப்படியே வந்திருக்கிறது. கோடையில் பெர்லின் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். ஆசியா கொல்கத்தா என்று மாற்றினேன். மாறவில்லை! அந்தச் சொல் கோப்பில் இரண்டு இடங்களில் இருந்தது. நான் மேலே இருந்ததை மாற்றியிருந்தேன், கீழே இருந்ததுதான் செல்லுபடியானது. அதையும் மாற்றி, அப்பாச்சியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பிறகுதான் நம் ஊர் நேரம் வந்தது. அமைவுக் கோப்பை மாற்றினால் சேவையகத்தை மறுபடி தொடங்கவேண்டும். நிரல் கோப்பை மாற்றினால் பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். இந்த வேறுபாட்டை அன்று கற்றோம்.

தவறாக வந்த அந்த நேரமே எனக்கு நல்ல பாடமாகக் கிடைத்தது. சேவையகப் பக்க நிரல், பயனர் பக்க நிரல் என்று வேறுபாட்டை அட்டவணை போட்டு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு நேரங்களைக் காட்டினேன். மேலே பி.எச்.பி. சொல்லும் நேரம், கீழே ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் நேரம். எல்லா மாணவர்களும் தத்தம் கணினியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் கணினியின் கடிகாரத்தை விருப்பம்போல் மாற்றச் சொன்னேன். கீழ் நேரம் ஆளுக்கொரு விதமாக ஆனது. மேல் நேரம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. "மேல இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டரோட நேரம்" என்று மூலையில் தாள் ஒட்டிய கணினியைக் காட்டினான், முன்பு விடை வரவில்லை என்ற அதே மாணவன். அடுத்து, பக்கத்தின் மூலத்தைப் பார்க்கச் சொன்னேன். ஜாவாஸ்கிரிப்ட் வரிகள் அப்படியே தெரிந்தன. பி.எச்.பி. வரி ஒன்றுகூட இல்லை. அதன் இடத்தில் வெறும் நேரம்தான் இருந்தது. இந்த ஒரு சோதனைக்குப் பிறகு என் வகுப்பில் அந்த வேறுபாட்டை யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

மற்றக் கணினிகளிலிருந்து திறப்பது உடனே நடந்துவிடவில்லை. சேவையகத்தின் எண் முகவரியைக் கண்டுபிடிக்கக் கட்டளைச் சாளரத்தில் ஐபி கான்ஃபிக் என்று அடிக்கவேண்டும். எங்களுக்கு 192.168.1.10 என்று வந்தது. அதை உலாவியில் எழுதினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாச்சியை முதன்முதலில் தொடங்கியபோது விண்டோஸின் தீச்சுவர் அனுமதி கேட்டிருக்கிறது. நான் வழக்கம்போல் படிக்காமல் கேன்சல் கொடுத்திருக்கிறேன். தீச்சுவரின் அனுமதிப் பட்டியலில் அப்பாச்சிக்கு எதிரே தனி வலையமைப்பு என்ற கட்டத்தில் மட்டும் குறியிட்டதும் திறந்தது. தீச்சுவரையே முழுவதும் அணைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதாகிவிடும்.

இனி அந்தத் தவறு. அரையாண்டுத் தேர்வு முடிந்த நேரம். வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்த மாணவரின் மதிப்பெண்ணை மட்டும் காட்டும் ஒரு பக்கம் செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு ஆர்வமாக இருக்கும் என்று நினைத்தேன். வகுப்பின் உண்மையான மதிப்பெண் பட்டியலையே ஒரு கோப்பாக்கி, நிரலுக்கு அருகிலேயே அதே கோப்புறையில் வைத்தேன். பக்கம் அழகாக ஓடியது. 14 என்று கொடுத்தால் 14-ஆம் எண்ணின் மதிப்பெண் மட்டும் வரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நம்பினேன், சோதித்தும் பார்த்திருந்தேன். ஆனால் சரியான முகவரியைக் கொடுத்து மட்டும்தான் சோதித்திருந்தேன்.

ஒரு மாணவன் முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிட்டு, கோப்புறையின் பெயரோடு நிறுத்தி என்டர் தட்டியிருக்கிறான். அந்தக் கோப்புறையில் இண்டெக்ஸ் என்ற பெயரில் முகப்புக் கோப்பு இல்லை. அப்படி இல்லாதபோது உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலையே காட்டும்படி எக்ஸாம்ப்பில் அப்பாச்சி அமைக்கப்பட்டிருக்கிறது. பட்டியலில் மதிப்பெண் கோப்பு இருந்தது. சொடுக்கினான். நாற்பது பேரின் எல்லாப் பாட மதிப்பெண்களும் திரையில். ஒரு பாடத்தில் மிகக் குறைவாக வாங்கியிருந்த ஒரு மாணவியின் பெயரை யாரோ உரக்கப் படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். நான் அப்போது அடுத்த வரிசையில் வேறொருவரின் அரைப்புள்ளிப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த மாணவி அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

அப்பாச்சி தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் ஆக்சஸ் லாக் என்ற பதிவேட்டில் எழுதி வைக்கும். எந்தக் கணினி, எந்த நேரம், எந்தக் கோப்பு, என்ன விளைவு என்று வரிக்கு ஒன்று. அன்று மாலை அதைத் திறந்தேன். மதிப்பெண் கோப்பை ஆறு கணினிகள் திறந்திருந்தன. முதலில் திறந்தது எது என்றும் இருந்தது. அந்த இடத்தில் யார் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவன் எதையும் உடைக்கவில்லை. திறந்து கிடந்த அலமாரியைத் திறந்தான். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அவர்களின் மதிப்பெண் பதிவேட்டை வைத்துவிட்டுப் போனது நான். மாணவி திரும்பி வந்த நாளில் வகுப்பு முழுவதற்கும் முன்னால், "இது உங்க யாரோட தப்பும் இல்ல, என் தப்பு" என்று சொன்னேன். அவளிடம் தனியாகவும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குமேல் அவளிடமிருந்து நான் எதையும் எதிர்பார்த்திருக்கக் கூடாதுதான்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். சோதனைக்கு உண்மையான பெயரையோ மதிப்பெண்ணையோ கைப்பேசி எண்ணையோ பயன்படுத்துவதே இல்லை. பழங்களின் பெயர்களை மாணவர்களாக்கிவிட்டோம். மாம்பழம் 78, கொய்யா 41. தரவுக் கோப்புகளை எச்.டி.டாக்ஸுக்கு வெளியே வேறொரு கோப்புறையில் வைக்கிறோம். பி.எச்.பி. நிரல் அங்கே போய்ப் படிக்கும். உலாவியால் அங்கே போகமுடியாது. அமைவுக் கோப்பில் ஆப்ஷன்ஸ் என்ற வரியில் இருந்த இண்டெக்ஸஸ் என்ற சொல்லை நீக்கிவிட்டோம். இப்போது கோப்புறையின் பெயரோடு நிறுத்தினால் 403 என்று வரும். அனுமதியில்லை என்று பொருள். தரவுத்தளத்துக்கு எக்ஸாம்ப்பில் முதன்மைப் பயனரின் கடவுச்சொல் வெறுமையாகவே வருகிறது. அதையும் முதல் நாளே அமைத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்து முடித்தபின், சேவையகத்தில் உட்கார்ந்து அல்ல, வேறொரு கணினியில் உட்கார்ந்து திறந்து பார்க்கவேண்டும். முகவரியின் வாலை அழித்துப் பார்க்கவேண்டும். எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுக்கவேண்டும். பெயர் கேட்கும் இடத்தில் எச்.டி.எம்.எல். குறியைக் கொடுக்கவேண்டும். அதைச் செய்து பார்க்க இப்போது வகுப்பில் இருவரை நியமித்திருக்கிறேன். அந்த இருவரில் ஒருத்தி, இரண்டு நாள் வராமல் இருந்த அந்த மாணவி. நானாக நியமிக்கவில்லை, அவளே கேட்டாள்.

பதிவேட்டை அதன்பின் துப்பறிய அல்லாமல் பாடம் நடத்தவே பயன்படுத்துகிறேன். கெட், போஸ்ட் என்னும் இரு முறைகளின் வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி இல்லை. ஒரு படிவத்தைக் கெட் முறையில் அனுப்பச் சொல்லி, பிறகு பதிவேட்டைத் திரையில் காட்டினால், அவர்கள் கொடுத்த கடவுச்சொல் அதில் அப்படியே இருக்கும். போஸ்ட் முறையில் அனுப்பினால் கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். (போஸ்ட் முறையிலும் கம்பி வழியாகப் போவது மறைக்கப்படாமல்தான் போகிறது, அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.) 200 என்றால் கிடைத்தது, 404 என்றால் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை, 500 என்றால் சேவையகத்துக்குள்ளேயே ஏதோ முறிந்தது. இன்னொரு பதிவேடு எர்ரர் லாக். வெள்ளைத் திரை மட்டும் வந்து ஒன்றும் புரியாதபோது அதன் கடைசி வரியைப் படித்தால் போதும். பிழை ஏழாம் வரியில் என்று சொல்லும். பெரும்பாலும் ஆறாம் வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருக்கும். ஏழாம் வரிக்கு வந்த பிறகுதான் அதற்கு ஏதோ குறைகிறது என்று தெரிகிறது, அதனால் அங்கே நின்று சொல்கிறது.

தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பை யு.டி.எஃப். 8 குறியாக்கத்தில் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இதில் எங்கள் தமிழாசிரியர் ஐயா ஒருநாள் மாட்டிக்கொண்டார். ஆய்வகத்துக்குத் தற்செயலாக வந்தவரிடம், சொல்லைக் கொடுத்தால் எழுத்துகளை எண்ணித் தரும் பக்கம் என்று மாணவர்கள் பெருமையாகக் காட்டினார்கள். ஐயா "அம்மா" என்று கொடுத்தார். விடை 15. "என்னம்மா இது, மூணு எழுத்துச் சொல்லு பதினஞ்சு எழுத்தா?" என்றார். நாங்கள் பயன்படுத்திய செயற்கூறு எழுத்துகளை எண்ணவில்லை, பைட்டுகளை எண்ணியது. யு.டி.எஃப். 8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள், ஐம்மூன்று பதினைந்து. எம்.பி. என்று தொடங்கும் வேறு செயற்கூற்றை மாற்றிப் போட்டோம். விடை 5 வந்தது. ஐயா அதையும் ஏற்கவில்லை. புள்ளி வைத்த மகரம் ஒரே எழுத்து, மா என்பதும் ஒரே எழுத்து. தொல்காப்பியத்திலிருந்து தொடங்கிவிட்டார். கடைசியில் பி.எச்.பி. ஐ.என்.ஐ. கோப்பில் இன்டெல் என்ற நீட்சியின் வரிக்கு முன்னால் இருந்த அரைப்புள்ளியை நீக்கி, கிராஃபீம் என்று தொடங்கும் செயற்கூற்றைப் பயன்படுத்தியபோதுதான் 3 வந்தது. அன்றைய அரை மணி நேரத்தில் மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் பைட்டும் ஒன்றாக நடந்தன. இரண்டு பாடவேளைக்குத் திட்டமிட்டாலும் எனக்கு அப்படி அமையாது.

முழுத் தொகுப்பையும் நிறுவ வசதியில்லாத இடத்தில் பி.எச்.பி.யை மட்டும் வைத்தே சமாளிக்கலாம். 2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே ஒரு சிறு சேவையகம் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் நிரல் இருக்கும் கோப்புறைக்குப் போய், பி.எச்.பி., இடைவெளி, கழித்தல் குறி, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் எஸ், இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8000 என்று அடித்தால் போதும். தனியாக ஒருவர் வீட்டில் பயிற்சி செய்ய இது நல்லது. ஆனால் இது இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் கவனிக்கும். வகுப்பு முழுவதும் வரிசையில் நின்றால் திணறும். லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்களுக்கு இன்னொன்று சொல்லுங்கள். விண்டோஸில் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை, லினக்ஸில் பார்க்கும். ஆய்வகத்தில் ஓடியது வீட்டில் 404 என்று வந்தால் முதலில் பெயரைப் பார்க்கவேண்டும்.

எங்கள் வளாகத்தை ஒட்டித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. பிப்ரவரியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு பிற்பகல் ஆய்வகத்துக்கு அழைத்து வந்தார் அவர்களின் ஆசிரியர். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் வாய்ப்பாட்டுக்காக ஒரு பக்கம் செய்திருந்தார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் சேவையகம் புதிய பெருக்கல் கணக்கு ஒன்றைக் கொடுக்கும். விடை சரியா என்று சொல்லும். விடையைப் பக்கத்தின் மூலத்தில் எட்டிப் பார்க்கமுடியாது, ஏனென்றால் அது சேவையகத்திலேயே இருக்கிறது. அதை அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். பத்துக் கணினியிலும் பிள்ளைகள் மும்மூன்று பேராக நெருக்கியடித்துக்கொண்டு பெருக்கினார்கள். ஒரு சிறுமி மட்டும் மூலையில் இருந்த கணினியின் முன் நின்று, அதில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அணைச்சா என்ன ஆகும்க்கா?"

"அணைச்சுப் பாரேன்" என்றாள் என் மாணவி. நான் தடுப்பதற்குள் சிறுமி சுவிட்சில் கை வைத்துவிட்டாள். ஒன்பது கணினிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் "மிஸ், கணக்கு வரல" என்று குரல் எழுந்தது.